கையளவு ஏரி செய்யப் புறப்படும் பிள்ளைகளுக்கு

மாதிரி வீடும் மாதிரி ரயிலும் அழகாகச் செய்யத் தெரிந்த பிள்ளைகள்கூட, தண்ணீர் என்றதும் தயங்குகிறார்கள். கடையில் ஒரு பாட்டில் ரெசின் வாங்கி ஊற்றினால் ஏரி வந்துவிடும் என்று நம்பி ஊற்றுகிறார்கள். பிறகு, "கண்ணாடித் தகடு ஒட்டியதுபோல் இருக்கிறதே, ஏன்?" என்று வந்து கேட்கிறார்கள். தண்ணீர் தன்னைக் காட்டுவதில்லை. அடியில் கிடக்கும் மண்ணையும், மேலே இருக்கும் வானத்தையும், ஓரத்தில் நிற்கும் செடியையும்தான் காட்டும். ஆகவே ஏரி செய்வதில் பெரும்பங்கு வேலை தரையிலும் கரையிலும் செடியிலும் இருக்கிறது. ஊற்றுவது கடைசியில் வரும் சின்ன வேலை. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

இப்படிப்பட்ட மாதிரிக் காட்சிக்கு டயோரமா என்று பெயர். அந்தப் பெயரில் 1822இல் பாரிஸில் ஓவியர் டகேர் காட்டியது, ஒளியை மாற்றி மாற்றிக் காட்டும் பெரிய ஓவியத் திரை. இன்று நாம் செய்யும் வகைக்கு நெருங்கியது, 1890இல் கார்ல் ஏக்லி அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்துக்குச் செய்து கொடுத்த காட்சி. மஸ்க்ராட் என்னும் நீர்விலங்குகள் வாழும் சதுப்பு நிலம் அது. நீருக்கு மேலும் கீழும் நடப்பதை ஒரே பார்வையில் காட்டினார். இந்தக் கலையின் தொடக்கத்திலேயே தண்ணீரும் நாணலும் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

உதாரணத்துக்கு ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம், நிறைந்து கிடக்கும் ஓர் ஏரியின் கரையோரம். அளவு 1:72.

1. ஓர் ஏரியை முழுதாகப் பாருங்கள்.

பத்து ஏரிகளின் படங்களைச் சேர்ப்பதைவிட, பக்கத்திலுள்ள ஓர் ஏரிக்குக் காலையிலும் உச்சிவேளையிலும் போய் நில்லுங்கள். காலடியில் குனிந்து பார்த்தால் சேறும் பாசியும் தெரியும். அதே தண்ணீரைத் தூரத்தில் பார்த்தால் வானம் தெரியும். நேர் மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் ஒளி 2 சதவீதம்தான். பார்வை சாயச் சாய அது கூடிக்கொண்டே போய், விளிம்பில் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடும். மேசைமேல் வைத்த மாதிரிக் காட்சியை எல்லோரும் மேலிருந்துதான் பார்க்கிறார்கள். அதனால் அவர்கள் கண்ணில் படப்போவது அடித்தரை. ஏரிக்கு நீலம் அடிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

வாய்ப்பிருந்தால் குளிர்காலத்தில் ஒருமுறை வேடந்தாங்கல் போய் வாருங்கள். 30 ஹெக்டேர் அளவே உள்ள சிறிய ஏரி. தண்ணீருக்குள்ளேயே மரங்கள் நிற்கும், மரமெல்லாம் பறவை இருக்கும். தண்டு நீரைத் தொடும் இடம், கிளையில் வழிந்த எச்சத்தின் வெள்ளை, நிழல் விழும் விதம் ஆகிய மூன்றையும் அங்கே ஒரே இடத்தில் படிக்கலாம். ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது.

2. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று பலகையின் அடியில் எழுதுங்கள்.

செடிகள் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கரையோரம் ஊதாப் பூ பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அந்தப் பக்கத்துச் செடிதான். சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சோழர் காலத்து ஏரி என்று சொல்லிவிட்டு அதில் ஆகாயத்தாமரையை மிதக்க விட்டால் காட்சி முழுவதும் பொய்யாகிவிடும். பழைய காலம் என்றால் தாமரை, அல்லி, கோரை, சம்பு, நாட்டுக் கருவேலம், பனை ஆகியவற்றை வையுங்கள். இன்றைய ஏரி என்றால் வந்தேறிச் செடிகளையும் மறைக்காமல் வையுங்கள். மாதமும் அப்படித்தான். தையில் நீர் விளிம்புவரை இருக்கும். சித்திரையில் பாதிக்குமேல் வெடித்த சேறாக இருக்கும்.

3. அளவைக் கணக்கிட்ட பிறகே கத்தரியை எடுங்கள்.

1:72 என்றால், அசல் அளவைச் சென்டிமீட்டரில் எழுதி 72ஆல் வகுக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் ஆள் 2.4 சென்டிமீட்டர் ஆவார். 18 மீட்டர் தென்னை 25 சென்டிமீட்டர். 2 மீட்டர் சம்பு 2.8 சென்டிமீட்டர். அரை மீட்டர் அகலத் தாமரை இலை 7 மில்லிமீட்டர். இந்தச் சின்னப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவையுங்கள். தொடக்கக்காரர்கள் புல்லைப் பெரிதாகவும் மரத்தைச் சிறிதாகவும் செய்துவிடுவார்கள். கால் சென்டிமீட்டர் புல்லே அசலில் 18 சென்டிமீட்டர் உயரம், அதாவது ஆளின் கணுக்காலுக்கு மேல். தென்னையோ கூரைக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கும். அளவு கெட்டால், எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் அது பொம்மைதான்.

4. கரையை நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள்.

மேட்டிலிருந்து நீருக்கு இறங்கி வரும்போது, முதலில் காய்ந்த மண்ணும் மேய்ந்த புல்லும். அடுத்து, ஈரம் ஊறிக் கறுத்த சேறு. பிறகு கோரையும் சம்பும் வேர் நீரிலும் தலை வெளியிலுமாக நிற்கும் பட்டை. கடைசியில் அல்லியும் தாமரையும் இருக்கும் நீர். அதற்கப்பால் திறந்த வெளி. இந்த வரிசை நீரின் ஆழத்தால் அமைவது. பட்டைகளின் எல்லை நேர்கோடாக இருக்கக்கூடாது. மாடு இறங்கும் தடத்தில் கோரை இருக்காது, சேறு குழம்பியிருக்கும். துணி துவைக்கும் கல்லருகே புல் தேய்ந்திருக்கும். மதகுக் கல்லில் பழைய நீர்மட்டம் கோடு கோடாகக் கறைபட்டிருக்கும். ஓர் ஊர் ஏரியைப் பயன்படுத்துவதன் தடயங்கள் இவை. இவற்றைச் செய்துவிட்டால் மனிதப் பொம்மை ஒன்றுகூட இல்லாமலே ஊர் இருப்பது தெரியும்.

5. மண் அசலாக இருக்கட்டும், ஆனால் தயார் செய்த மண்ணாக இருக்கட்டும்.

ஏரி மண்ணை எடுத்து வந்து வெயிலில் காயவைத்து, பழைய இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துவிடுங்கள். பூச்சி முட்டையும் பூஞ்சையும் போகும். பிறகு மெல்லிய துணியில் சலியுங்கள். கண்ணுக்குப் பொடி மண்ணாகத் தெரிவதே 1:72 அளவில் கூழாங்கல்லாகிவிடும். சலித்ததன்மேல் ஒரு காந்தத்தைத் தடவுங்கள். அதில் ஒட்டிவரும் இரும்புத் துகளை விட்டுவைத்தால், பசையின் ஈரத்தில் துருப்பிடித்துப் பின்னால் செம்புள்ளிகள் தோன்றும்.

ப்ளைவுட் பலகையின்மேல் தெர்மாகோல் அடுக்கிக் கரை வடிவத்தை வெட்டி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மெல்லியதாகப் பூசுங்கள். அது முழுதும் உலர்ந்ததும் ஃபெவிகால் தடவி மண்ணைத் தூவுங்கள். ஒட்டாத இடங்களில் ஃபெவிகாலை நீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, சொட்டு மருந்துக் குப்பியால் விடுங்கள். அந்த ஒரு சொட்டு இருந்தால்தான் பசை மண்ணுக்குள் இறங்கும்.

6. ஆழத்தைத் தூரிகையால் உண்டாக்குங்கள்.

ஒரு சென்டிமீட்டர் பள்ளம் தோண்டினால் அசலில் முக்கால் மீட்டர் ஆழம்தான். மேலும் தோண்டினால் ரெசின் செலவு ஏறும், சூடும் ஏறும். ஆகவே பள்ளம் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மீதி ஆழத்தை வண்ணம் காட்டும். ஓரத்தில் யெல்லோ ஓக்கரும் ரா அம்பரும் கலந்த சேற்று நிறம். உள்ளே போகப்போக ரா அம்பரில் கரும்பச்சை. நடுவில் ஏறக்குறையக் கறுப்பு. ஒரு நிறம் அடுத்ததில் கரைந்து போகும்படி, முந்தையது ஈரமாக இருக்கும்போதே இழைக்க வேண்டும். புது மழையில் வந்த தண்ணீர் என்றால் கலங்கல்; அங்கே அடித்தரையே தெரியாது, முழுவதும் தேநீர் நிறம். தை மாதத்துக்குள் மண் படிந்து பச்சை தட்டியிருக்கும்.

வண்ணம் காய்ந்ததும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். பிளாஸ்டரிலும் மண்ணிலும் ஒளிந்திருக்கும் காற்றை இது அடைத்துவிடும். அடைக்காவிட்டால் ரெசினில் நாள் முழுக்கக் குமிழி எழும்பிக்கொண்டிருக்கும்.

7. நீரில் நிற்கும் செடிகளை ஊற்றுவதற்கு முன்பே நடுங்கள்.

கோரைக்குப் பழைய பெயின்ட் பிரஷ்ஷின் மயிர் போதும். பூந்துடைப்பத்தின் மெல்லிய இழைகள் நாணலுக்கு அருமையாகப் பொருந்தும். சம்புக்கு ஒரு வழி: விறைப்பான பிரஷ் மயிரின் நுனியருகே கெட்டியான ஃபெவிகாலில் தோய்த்துக் காயவைத்து மறுபடியும் தோய்த்தால், 2, 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு உருளை திரளும். அதற்குக் காபிப்பொடி நிறம் அடித்தால் சம்பின் கதிர் வந்துவிடும். ஊசியால் துளையிட்டு, மூன்று நான்காகச் சேர்த்து நடுங்கள். உயரம் ஒன்றுபோல் இருக்கக்கூடாது. அடியில் பழுத்து மடிந்த தாள்கள் சில கட்டாயம் வேண்டும். எந்த நாணல் புதரிலும் போன வருடத்துச் சருகு நின்றுகொண்டிருக்கும். பச்சை மட்டுமே உள்ள புதர் கண்ணுக்குப் பொய்யாகப் படுவது இதனால்தான்.

கரைப் புல்லுக்கு நைலான் இழைப் புல் கிடைக்கிறது. மின்னேற்றம் தரும் கருவியால் தூவினால் இழைகள் நிமிர்ந்து நிற்கும். 2, 4, 6 மில்லிமீட்டர் இழைகளையும் வைக்கோல் நிறத்தையும் கலந்து தூவுங்கள். கருவி இல்லையென்றால் சணல் நூலைப் பிரித்து, சாயமேற்றி, பொடியாக வெட்டி நடலாம். நேரம் பிடிக்கும், குறை ஒன்றும் இல்லை.

8. தாமரையையும் அல்லியையும் குழப்பாதீர்கள்.

தாமரையின் முதிர்ந்த இலை நீருக்கு மேலே காம்பில் நிமிர்ந்து நிற்கும். இளம் இலை மட்டும் மிதக்கும். இலை முழுவட்டம், காம்பு நடுவில் சேரும், நிறம் சாம்பல் பூத்த பச்சை, பளபளப்பு இல்லை. அல்லியின் இலை நீரோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதன் வட்டத்தில் காம்புவரை ஒரு வெட்டு இருக்கும், மேற்புறம் மினுங்கும்.

அலுவலகக் காகிதத்தில் துளை போடும் பஞ்ச் 6 மில்லிமீட்டர் வட்டம் தரும். அசலில் அது 43 சென்டிமீட்டர், தாமரை இலைக்குச் சரியான அளவு. இருபுறமும் வண்ணமடித்த காகிதத்தில் வட்டம் வெட்டி, உள்ளங்கையில் வைத்துப் பென்சில் முனையால் மெல்ல அழுத்தினால் நடுவில் குழி விழும். அல்லிக்குச் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் துளைக்கருவியில் 3 மில்லிமீட்டர் வட்டம் எடுத்து, ஒரு வெட்டு வெட்டுங்கள். சிகாகோ அருங்காட்சியகத்தின் மான் காட்சிகளுக்காக ஏக்லியின் மனைவி டெலியா ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளைக் கையாலேயே செய்தார். உங்களுக்கு ஐம்பது இலை போதும். பொறுமை மட்டும் அவருடையதாக இருக்கட்டும்.

9. மரத்தின் எலும்பைச் சரியாக அமைத்தால் இலை தானாக அமையும்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் மெல்லிய செப்புக் கம்பி கிடைக்கும். ஒரு கட்டு எடுத்து அடியில் முறுக்கித் தண்டாக்கி, மேலே போகப்போகக் கிளைகளாகப் பிரியுங்கள். ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்துப் பட்டைக்குப் பூசுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பட்டை கறுத்து வெடித்திருக்கும். இலை பொடிப்பொடி, குடைபோல விரியும், வானம் இடையிடையே தெரியும். ஸ்பாஞ்சைப் பழைய மிக்ஸியில் நீரும் அக்ரிலிக் வண்ணமும் சேர்த்து அரைத்துக் காயவைத்தால் இலைத்தூள் தயார். அந்த மிக்ஸி மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. தூளைக் குறைவாகத் தூவுங்கள். மரத்தின் அழகு இடைவெளியில் இருக்கிறது. நீரில் நிற்கும் மரமென்றால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேவரை தண்டு ஈரத்தால் கறுத்திருக்க வேண்டும்.

10. ரெசினை மருந்துபோல் அளந்து கலக்குங்கள்.

எபாக்சி ரெசின் இரண்டு பாட்டிலாக வரும். கலக்க வேண்டிய விகிதம் பாட்டில்மேல் இருக்கும். எடையா கொள்ளளவா என்று கவனியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. கண்ணளவு கூடவே கூடாது. விகிதம் தவறினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

முதலில் ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமன்செய்யுங்கள். பலகையின் ஓரத்துக்குப் பிளாஸ்டிக் தகட்டால் வரப்பு கட்டி, மூலைகளை மீன்தொட்டி சிலிகானால் அடையுங்கள். ரெசின் ஊசித் துளையிலும் வெளியேறிவிடும். கலக்கும்போது மெதுவாக, 3 முதல் 5 நிமிடம், பக்கமும் அடியும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். சாயம் பல்குச்சி நுனியளவு போதும்.

ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். கெட்டியாகும்போது ரெசின் சூடேறும். தடிமன் கூடினால் சூடும் கூடி விரிசல் விடும், அடியிலுள்ள தெர்மாகோலையும் இளக்கிவிடும். முதல் அடுக்கு ஒரு நாள் முழுதும் இறுகட்டும், பிறகு அடுத்தது. நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் கெட்டிப்படும். விடியற்காலையில் ஊற்றுவது நல்லது. அடைமழை நாளில் ஊற்றாதீர்கள். காற்றின் ஈரம் மேற்பரப்பை மங்கலாக்கும். மேலே எழும் குமிழிகளைச் செடி இல்லாத இடத்தில் ஹீட் கன்னால் ஒரு நொடி காட்டி உடைக்கலாம். செடியோரத்தில் பல்குச்சிதான். ஊற்றிய கையோடு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். தூசியும் கொசுவும் அதில் விழத் துடிக்கும்.

நாணல் தண்டிலும் கரையிலும் ரெசின் கொஞ்சம் மேலேறி மினுங்கும். சேற்றுப் பட்டையில் அது ஈரமாகத் தெரிந்து நன்மையே செய்யும். அதற்கு மேலே போனதை மேட் வார்னிஷ் பூசி அடக்குங்கள்.

கையுறை, முகமூடி, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் ரெசின் பாட்டிலைத் திறக்கக்கூடாது. தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பாலியஸ்டர் ரெசினைத் தெர்மாகோல்மேல் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

11. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரெசின் வேண்டாம்.

நன்றாக வண்ணமடித்த அடித்தரைமேல் அக்ரிலிக் கிளாஸ் ஜெல்லை மெல்லிய அடுக்குகளாகப் பூசினாலே தண்ணீர் வரும். ஒவ்வோர் அடுக்கும் வெள்ளையிலிருந்து தெளிவாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். கலங்கல் நீருக்கு இது ரெசினைவிடப் பொருத்தமானது. ஃபெவிகாலையே தண்ணீராக ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் பட்டு மறுபடி வெளுத்துவிடும்.

12. காற்றுக்கு ஒரே திசை கொடுங்கள்.

பலகையின் அடியில் ஓர் அம்புக்குறி போட்டு, எல்லாவற்றையும் அதற்குக் கட்டுப்படுத்துங்கள். சிற்றலைகளின் வரிகள் காற்றுக்குக் குறுக்காக அமையும். நாணல் காற்று போகும் பக்கம் சாயும். மிதக்கும் ஆகாயத்தாமரையும் சருகும் நுரையும் அந்தப் பக்கக் கரையில் போய் ஒதுங்கும். மரத்துக்கும் புதருக்கும் பின்னால் காற்று படாத இடத்தில் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். இறுகிய ரெசின்மேல் அக்ரிலிக் ஜெல்லைத் தடவி, தூரிகை நுனியால் தட்டித் தட்டி அலையை எழுப்புங்கள். 1:72 அளவில் ஏரியின் சிற்றலை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. நீந்தும் வாத்துக்குப் பின்னால் விரியும் அலைக்கோணம், ஆழமான நீரில் ஏறக்குறைய 39 பாகை. வேகம் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது என்று லார்ட் கெல்வின் 19ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

13. வெள்ளையைக் கஞ்சத்தனமாகச் செலவிடுங்கள்.

மதகிலிருந்து பாயும் நீருக்கு, பிளாஸ்டிக் தாள்மேல் தெளிவான சிலிகானை நீளவாக்கில் இழுத்துக் காயவிட்டு உரித்து எடுங்கள். அதை மேலேயும் கீழேயும் ஒட்டுங்கள். நீர் உடையும் இடத்தில் மட்டும்தான் வெள்ளை: விழும் அடி, கல்லில் மோதும் முகம், கலிங்கின் விளிம்பு. காய்ந்த தூரிகையில் வண்ணம் தொட்டுத் துடைத்துவிட்டுத் தடவுங்கள். ஓடும் நீரில் கல்லுக்குப் பின்னால் உண்டாகும் கோடுகள் நீர் போகும் திசையில்தான் விரியும். இதை மாற்றிப் போட்டால் வாய்க்கால் மேட்டை நோக்கி ஓடும்.

14. உயிர்களைக் கடைசியில், குறைவாக வையுங்கள்.

இரண்டு கொக்கு, ஓர் எருமை போதும். கலங்கல் நீரில் எருமையை நீர்மட்டத்தில் வெட்டி ஒட்டிவிடலாம். தெளிந்த நீரென்றால் முழு உடலையும் ஊற்றுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். பறவை எங்கே உட்காரும் என்பதை ஏரியிலேயே பார்த்து வாருங்கள். காட்சியின் நட்ட நடுவில் எதையும் வைக்காதீர்கள்.

15. செய்ததைக் காப்பாற்றுங்கள்.

நேர் வெயிலில் ரெசின் மஞ்சளாகும், சாயப் புல் வெளுக்கும். அசல் செடிகளில் வெள்ளிப்பூச்சி குடியேறும். உலர்ந்த செடிகளுக்கு வார்னிஷ் பூசிய பிறகே நட வேண்டும். அக்ரிலிக் மூடி ஒன்று செய்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள்.

16. 15 சென்டிமீட்டர் சதுரத்தில் தொடங்குங்கள்.

1:72 அளவில் அது அசல் ஏரிக்கரையின் 10.8 மீட்டர். பாதி நீர் என்று வைத்தால் ஓர் அடுக்குக்கு 34 மில்லிலிட்டர் ரெசின்தான் ஆகும். ஒரு துவைகல், ஒரு கருவேலம், ஒரு கைப்பிடிக் கோரை, பத்து அல்லி இலை அதில் அடங்கும். முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு நீங்கள் பார்த்த அதே ஏரிக்குப் போங்கள். கரையில் வைத்து, அங்கே துணி துவைப்பவரிடமும் மாடு கழுவுபவரிடமும் காட்டுங்கள். எந்தப் பட்டை தவறு, எந்தச் செடி அங்கே வராது என்று உடனே சொல்லிவிடுவார்கள். அவர்களைவிட நல்ல ஆசிரியர் இந்தக் கலைக்குக் கிடையாது. அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு அடுத்த பலகையைத் தொடங்குங்கள்.